கோட்டை திறக்கும் ஆகஸ்ட் பதினைந்து

15 ஆகஸ்ட் 2024

காலையில் பள்ளியில் கொடியேற்றம் ஒழுங்காக நடந்தது. விழா தொடங்கியதும் வாயிற்கதவைப் பூட்ட வேண்டும் என்பது, தலைமையாசிரியராக நான் வகுத்த விதி. ஒன்பதாம் வகுப்பு கீர்த்தனாவின் தாய் மூக்காயி, வேடசந்தூர் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துத் தாமதமாக வந்தார்.

"மில்லு பஸ் இப்பத்தான் சார் எறக்கிவிட்டுச்சு. எம்புள்ள பரேடுல நடக்குறத செத்த நேரம் பாத்துட்டுப் போயிர்றேன்."

விதியை எடுத்துச் சொன்னேன். கம்பிகளுக்கு வெளியே நின்றார். பந்தலின் முதுகு மட்டுமே தெரிந்திருக்கும்.

மாலையில் மகள் ஷைனி வீடியோ காலில் வந்தாள். அவள் செவிலியராக இருக்கும் லீக்டன்ஸ்டைனுக்கும் இன்றுதான் தேசிய தினம். மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் நம்மைப் போலவே. திண்டுக்கல் நகர மக்களில் கால்வாசிகூட இல்லாத மன்னராட்சி நாடு. மலைமேல் கோட்டை, ஆளும் குடும்பம் வசிப்பதால் வெளியாருக்கு அனுமதி கிடையாது. இன்று புல்வெளியில் உரைகள் முடிந்ததும் கோட்டைத் தோட்டத்தில் அனைவருக்கும் விருந்தாம்.

"அனைவருக்குமா? அழைப்பிதழ் இல்லாமலா?"

"ஊருக்கே அழைப்புதாம்ப்பா. நீங்க அந்த வாசல்ல நின்னிருந்தா ஐடி கார்டு எங்கன்னு கேட்டிருப்பீங்க."

பின்னால் நின்ற என் மனைவி அன்னாள் சிரித்தாள்.

16 ஆகஸ்ட்

ஷைனி அனுப்பிய விருந்துப் படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். பதக்கம் அணிந்த முதியவர் ஒருவர்; அவருக்குப் பக்கத்தில் குழந்தை வண்டியுடன் ஒரு பெண். இருவர் கையிலும் ஒரே மாதிரிக் கோப்பை. யார் பெரிய மனிதர் என்று படத்திலிருந்து சொல்ல இயலவில்லை. ஓர் அரச குடும்பம் தன் வீட்டுத் தோட்டத்தைத் திறந்துவைத்துத் திருநாள் கொண்டாடுகிறது. வியப்பு அடங்க மறுக்கிறது.

மூக்காயியை நான் ஏன் வெளியே நிறுத்தினேன்?

19 ஆகஸ்ட்

விருந்தில் பியர் குடித்தாயா என்று ஷைனியிடம் கேட்டேன். ஆப்பிள் ஜூஸ் என்றாள். நம்பினேன்.

4 ஆகஸ்ட் 2025

விழா ஏற்பாட்டுக் கூட்டம். கீர்த்தனா இவ்வாண்டு அணிவகுப்புத் தலைவி. கதவு திறந்தே இருக்கட்டும் என்றேன். தாளாளர் ஏற்கவில்லை.

"கண்டவனும் உள்ள வருவான் சார். ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

பொறுப்பேற்பதாக எழுதிக் கையொப்பமிட்டேன்: அன்று ஒரு நாள் கதவு பூட்டப்படலாகாது, நாற்காலிகள் எவருக்கும் ஒதுக்கப்படலாகாது.

காவலாளி சடையாண்டி கேட்டார்: "பூட்டக்கூடாதுன்னா அன்னைக்கு எனக்கு என்ன சார் வேல?"

வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றேன்.

15 ஆகஸ்ட் 2025

விழா தொடங்கிச் சற்று நேரத்தில் மில் பேருந்து பள்ளி வாசலிலேயே நின்றது. தலையில் பஞ்சு ஒட்டியிருக்கப் பெண்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். முதல் வரிசையில், தாளாளருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மூக்காயி அதில் அமர்ந்தார்.

அமர்ந்ததுமே உறங்கிவிட்டார்.

இரவெல்லாம் இயந்திரத்தருகே நின்ற உடல். எழுப்புவதா? எழுப்பாவிட்டால் இந்த ஆண்டும் மகளைப் பார்க்க மாட்டாரே! தலை தாளாளரின் தோள் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. தாளாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து இரண்டடி வைத்திருப்பேன். மைதானத்தின் மறுமுனையிலிருந்து கீர்த்தனாவின் குரல் வந்தது.

"ஸ்குவாட், அட்டென்ஷன்."

கண் திறக்கும் முன்பே மூக்காயி எழுந்து நின்றுவிட்டார். கைகள் விறைப்பாக, முகவாய் நிமிர்ந்து. பிறகுதான் கண் திறந்தது; அணி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தாளாளரும் எழுந்தார்.