வரப்போரத்து மருள்

அக்கா,

நேற்று சாயங்காலம் அடுப்படி ஜன்னலைத் திறந்ததும் மருள் பூத்த வாசம் வந்தது. வரப்பு நெடுக வெளிறிய பூந்தண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. நீங்கள் இருந்தவரை கேட்க முடியாமல் போன கேள்வி மறுபடி வந்துவிட்டது. எதற்காக இதை அங்கே நட்டீர்கள்?

உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டு, அண்ணன் தம்பி என்ற பேச்சையே நிறுத்திய வருடம் அது. சித்தேரி மலையடிக் காட்டிலிருந்து ஒரு கூடை மருள் கொண்டுவந்து வரப்பில் ஊன்றினீர்கள். கத்தி போன்ற அந்த இலைகள் எந்தக் கோடையிலும் காயவில்லை. மண்ணுக்கடியில் கிழங்கு ஓடி, எங்கள் நிலக்கடலைக்குள்ளும் முளைவிட்டது.

"உங்கக்கா வரப்பைத் தள்றாங்க பாரு," என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு எப்படித் தோன்றியது என்றும் சொல்லத் தெரியவில்லை. வரப்போரம் நின்று, "அக்கா, இந்தப் பக்கமும் வருதுங்க," என்றேன். நீங்கள் முகம் திருப்பாமல், "அது மண்ணுக்குள்ள போவுது. நான் எங்க கண்டேன்?" என்றீர்கள். கோபமா, சிரிப்பா, குரலில் பிடிபடவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்து நினைவு தப்பினார். என் அலறல் கேட்டு மருளை மிதித்துக்கொண்டு ஓடிவந்தது நீங்கள்தான். "போவாத!" என்று உங்கள் வீட்டுக்காரர் கத்தியது எனக்கும் கேட்டது. நீங்கள் நிற்கவில்லை. ரோட்டில் போன மினிலாரியை மறித்து, பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தீர்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கடத்தூர் சந்தையில் உங்களைப் பார்த்து, "அக்கா!" என்று கூப்பிட்டேன். கேட்காதவர் போலக் கடந்து போனீர்கள். கடைசிவரை பேசவில்லை. வீட்டில் ஏதும் வாக்குக் கொடுத்திருந்தீர்களா? நான்தான் எங்கேயோ பிசகிவிட்டேனா?

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் வந்தான்.

"சித்தி, கம்பிவேலி போடலாம்னு இருக்கேன். மருளை எடுத்துடட்டுங்களா?"

"எதுக்கு நட்டாங்கன்னு உங்கம்மா சொன்னாங்களாப்பா?"

"வேலிக்குன்னுதான் நெனச்சேன். ஆனா உங்க பக்கம் போனதை வெட்டப் போனா வுடவே மாட்டாங்க. ஏன்னு தெரியலைங்க சித்தி."

"இருந்துட்டுப் போவுது, வுடுப்பா," என்றேன். அவன் தன் பக்கமே தள்ளி வேலி போட்டுக்கொண்டான்.

அன்று மினிலாரியில் அவர் தலை உங்கள் மடியில் இருந்தது. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். வளையல் அழுந்தித் தோல் கன்றிப்போயிற்று. ஆஸ்பத்திரி வந்தும் நீங்கள் விடவில்லை, நானும் உருவிக்கொள்ளவில்லை. உங்களுக்கு என்மேல் இருந்தது என்னவென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை, அக்கா. அந்தப் பிடி மட்டும் கையிலேயே இருக்கிறது.