மகள் கல்யாணத்தில் நான் வாசிக்கப்போவது

என் அருமை வீட்டுக்காரிக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சௌக்கியம், முகத்தைத் தவிர.

சாமியோ மந்திரமோ இல்லாத தன் கல்யாணத்தில் நான் வாசிக்க வேண்டிய உறுதிமொழியை நம் பெண் அனுப்பியிருந்தாள் அல்லவா? எட்டாவதில் கோட்டைவிட்டவனுக்கு இப்படி ஒரு பதவி. ஞாயிற்றுக்கிழமை இங்கே கம்பெனி அறையில் உரக்க வாசித்துப் பழகினேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து உன் தம்பி எழுந்தான்.

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் சாமியில்லாத கல்யாணம் நடக்காது, மாமா."

"அதுக்காக உன்னைக் கொல்லவா முடியும், மாப்ளே?" என்றேன்.

இரும்பு நாற்காலியால் என் வாயிலேயே போட்டான். முன்பல் இரண்டும் கையோடு வந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. குக்கர் மூடியால் அவன் மண்டையைப் பிளந்தேன். இரும்பை ஒட்டவைக்கிற வெல்டர்கள் இருவரும் தையல் போட ஒரே வண்டியில் போனோம். வழியெல்லாம், "மேடையில வாயைத் தொறந்தா வெட்டுவேன்" என்றான். கத்தியை அரிசிக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். காய் நறுக்க வழியில்லாமல் இரண்டு பேரும் வெறும் சோறு தின்கிறோம்.

பெண்ணிடம் சொல்லாதே, பயந்துபோய்க் கல்யாணத்தையே மாற்றிவிடுவாள். உறுதிமொழியை அவள் குரலில் பதிவுசெய்து அனுப்பச் சொல். பழகத்தான், வேறொன்றுமில்லை. நீயும் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசு. 'நாங்கள் இருவரும் சமம்' என்ற வரியில் எனக்கு வெறும் காற்றுதான் வருகிறது. அதை எடுத்துவிட வேண்டாம். உன் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் காற்றோடே வாசிப்பேன்.

குளித்துவிட்டு வருகிறான். காகிதத்தை மறைக்க வேண்டும்.

உன்
பொக்கைவாயன்