உள்ளே பிடித்த குடை

மாப்ளே,

சலவைக்குப் போட எடுத்த சட்டையின் பையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டு கீழே விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். ஏலக்காய், விறகுப் புகை, பெண்கள் பூசும் முகப் பவுடர். கல்யாண வீட்டில் தீப்பிடித்தால் ஒருவேளை இப்படி மணக்கும். உன் சீமைக் காரின் முன்கண்ணாடியைச் சுற்றிப் போடுகிற ரப்பர் பீடிங்கின் ஒரு மூலை அது. அசல் கம்பெனிச் சரக்கு. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டதால் செய்தி உனக்கு எட்டியிருக்காது. அது உடைந்துவிட்டது.

அலுப்போடுதான் எழுதுகிறேன். உன்னோடு ரப்பரைப் பற்றிப் பேசியே எனக்குப் பாதி ஆயுள் போனது. மீதியாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தேன்.

உன் அப்பா உனக்கு இரண்டு சொத்து விட்டுப் போனார். மலையில் ஏலத்தோட்டம், போடியில் இந்தக் கார். தோட்டத்தை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். காரை நீ பார்த்துக்கொண்டாய். அதிலிருந்து உனக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: ஒரிஜினல் போடுகிறவர்கள், டூப்ளிகேட் போடுகிறவர்கள். முதல் வகையில் நீ இருந்தாய். மற்ற வகையில் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம்.

பழைய கார்களுக்கு அச்சுப் போட்டு ரப்பர் சாமான் செய்கிற மதுரைக் கடைக்கு ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அங்கே பீடிங்கை வளைத்தாய், இழுத்தாய், நகத்தால் கீறினாய். கடைசியில் ஓரத்தைக் கடித்தும் பார்த்தாய்.

“அண்ணே, அது பீடிங்கு. பனங்கெழங்கு இல்ல,” என்றார் கடைக்காரர்.

“பாக்கெட்டுல மூணு எடத்துல ஒரிஜினல்னு போட்ருக்கீகளே?”

“ஒரு நம்பிக்கைக்குப் போடுறதுண்ணே.”

வெளியே வந்ததும் சொன்னாய்: “ஒரிஜினல்ல ஒரிஜினல்னு எழுதியிருக்காது மாப்ளே.” மறுக்க முடியாத உண்மை. மறுக்க முடியாத ஓர் உண்மையில் ஏறி நின்று தவறான முடிவுக்குள் குதிக்கிற திறமை உனக்கு இருந்தது. அரசியலுக்குப் போயிருந்தால் அது வீணாகியிருக்காது.

இத்தனைக்கும் உன்னிடம் அசல் பீடிங் ஒன்று இருந்தது. உன் அப்பா காரோடு சேர்த்து வாங்கி வைத்தது. அதை மாட்டித் தொலையேன் என்றால், “ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மாட்டிட்டா அப்புறம் என்ன செய்ய?” என்பாய். காரில் இருந்தது வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அசலை மாட்ட உனக்கு மனசு வரவில்லை. மதுரைச் சரக்கை மாட்ட மானம் இடம் கொடுக்கவில்லை. ஆக, மழைக்காலங்களில் தங்கச்சி முன்சீட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். உன்னைக் கட்டிக்கொண்டதால் என்னை அண்ணே என்று கூப்பிட நேர்ந்த பாவம் அவளுடையது.

போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் காவலர் குனிந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறதா?

“என்னம்மா, உள்ளயும் பெய்யுதா?”

“உள்ளதான் சார் மழை. வெளிய சும்மா சாரல்,” என்றாள்.

பின்சீட்டில் நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தாய், உள்பக்கமாக.

அந்த ஒற்றை பீடிங்கை நீ பாதுகாத்த விதம் ஏலத்தோட்டக்காரன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. மலையில் செருப்பு பூஞ்சை பிடிக்கும், போட்டோ பூஞ்சை பிடிக்கும், கல்யாணப் பட்டும் பிடிக்கும். பிடிக்காத ஒரே இடம் காய் உலர்த்துகிற ஸ்டோர். பச்சை மாறாமல் ஏலக்காய் காய்கிற இடத்தில் ரப்பர் மட்டும் கெட்டுவிடுமா என்று நீ யோசித்தாய். பறிப்புக் காலம் முழுக்க அடுப்பு எரிகிற அந்த அறையின் பரணில், தகரப் பெட்டியில், சுற்றுக்குச் சுற்று ஒட்டாமல் இருக்கப் பவுடரைக் கொட்டிச் சுருட்டி வைத்தாய். “என் மூஞ்சிக்கு இல்லண்ணே, எல்லாம் ரப்பருக்குப் போயிருச்சு,” என்று தங்கச்சி சொல்லும்போதெல்லாம் நீ பெருமையாகத்தான் பார்த்தாய்.

பிறகு உன் நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். மதுரை டாக்டர் ‘ஒழுகுது’ என்ற சொல்லையே சொன்னார். வேறு சொல் சொல்லியிருக்கலாம். உலோகத்தில் ஒரு வகை, மாட்டின் திசுவில் செய்தது ஒரு வகை, இரண்டில் ஒன்று வைத்துவிடலாம் என்றார்.

“ஒரிஜினல் எதுவும் கெடைக்காதா சார்?” என்று கேட்டாய்.

டாக்டர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்த நானும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சொன்னாய்: “இது ஓடுற வரைக்கும் ஓடட்டும் மாப்ளே. டூப்ளிகேட்ட வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு?”

“ஒழுகுறத வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குடா?” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். தேனியில் டீக்கு நிறுத்தும்வரை நீ வாய் திறக்கவில்லை. திறந்தபோது டீ நன்றாக இல்லை என்றாய். அதன் பிறகு எப்போது பேச்செடுத்தாலும் டீ போன்ற ஏதோ ஒன்று நன்றாக இல்லாமல் இருந்தது.

அடுத்த ஆடி வரை ஓடியது.

இந்த ஆடியில் உன் திதியை மலைத்தோட்டத்திலேயே கொடுக்கவேண்டும் என்றாள் தங்கச்சி. உன் மகன் கொச்சியிலிருந்து நேராக அங்கே வருவதாக ஏற்பாடு. “நாம கீழருந்து காருல போவோம்ணே. ஒரே ஒரு தடவ, மழைக்குள்ள அந்தக் காருல நனையாமப் போகணும்.” இத்தனை வருடத்தில் உன்னைப் பற்றி அவள் சொன்ன மிகக் கடுமையான சொல் இதுதான். சரி என்றேன். எந்த பீடிங் போடுவது என்ற வழக்கு இப்படி என் தலையில் வந்து விழுந்தது.

மதுரைச் சரக்கைக் கடித்துப் பார்க்காமல் வாங்கி வந்தேன். பட்டறைக்குப் போனால், தங்கச்சி மேலிருந்து ஜீப்பில் வரவழைத்த தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டுல எத வேணாலும் மாட்டுறேன். மழைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல,” என்றான் மெக்கானிக் முத்து. “சட்டுனு சொல்லுங்க, வேற சோலி கெடக்கு.”

“மொதல்ல அவரோடதப் போட்டுப் பாருப்பா,” என்றாள் தங்கச்சி.

சோப்புத் தண்ணீர் தடவி, பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, முத்து மெதுவாகத்தான் வளைத்தான். முதல் மூலையிலேயே அப்பளம் நொறுங்குகிற சத்தம். அடுத்த மூலையிலும் அதே சத்தம். அவன் கையில் மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, “இது ரப்பர் இல்லக்கா. வத்தல்,” என்றான்.

தங்கச்சி குனிந்து தரையில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கினாள். “எம்புட்டுப் பவுடரு,” என்றாள். எழுந்து குழாயில் கை கழுவிவிட்டு வந்தாள். “மதுரக்காரனோடதப் போடு. வெரசா.”

அது ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. முத்து பிளேடால் நறுக்கிவிட்டான். நீ பார்த்திருந்தால் அன்று ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டாய்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏறும்வரை வெறும் காற்று. மேல் வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது, முன்னால் போகிற ஜீப்பு தெரியாத மழை. குடை அவள் மடியில் மடங்கியே இருந்தது. கண்ணாடியின் இடது மேல் மூலையில், எப்போதும் சொட்டுகிற இடத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். எந்த வளைவிலும் கையை எடுக்கவே இல்லை. மெட்டு வந்ததும் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒழுகலண்ணே.”

“அப்ப மழைக்கு நானே பொறுப்பு ஏத்துக்கிறேன்,” என்றான், வழியில் கார் நின்றால் பார்க்க என்று பின்சீட்டில் ஏறியிருந்த முத்து.

சோதனைச் சாவடியில் வேறு காவலர். எங்களிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. அதைக் கடந்து கொஞ்ச தூரம் போன பிறகு, “மனுசன் போட்டுக்கிட்டிருக்கலாம்ல,” என்றாள். பீடிங்கைத்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

நொறுங்கியதில் இந்தத் துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். கம்பெனி முத்திரை இன்னும் தெளிவாக இருக்கிறது. நீ சொன்னதுபோல ஒரிஜினல் என்று எங்கும் எழுதியில்லை. பென்சில் எழுத்தை அழிக்குமா என்று தேய்த்துப் பார்த்தேன், தாள்தான் கிழிந்தது. இருந்தாலும் வேறு சட்டைப் பைக்கு மாற்றியிருக்கிறேன்.

எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டுமாம். எந்தக் கம்பெனி என்று கேட்டேன், அச்சு அசல் உன் குரலில். டாக்டர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், எதுவாக இருந்தாலும் சரி, தேதியைக் குறியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.