ஸ்பீக்கரில் கேட்ட உம்மாவின் குரல்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வாப்பா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் சுகம், அல்ஹம்துலில்லாஹ். இந்த மலைக்குளிர்தான் இன்னும் பழகவில்லை.

ஒரு பகிடி கேளுங்கள், போனில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ப்ரொஜெக்டரும் ஸ்பீக்கரும் கிடைத்ததென்று சொன்னேனே, அதில் என் போனைப் பொருத்தித்தான் வீடியோப் பாடம் காட்டுகிறேன். திங்களன்று, மழை எப்படி உண்டாகிறது என்ற பாடத்தைப் போடப்போய், நீங்கள் அனுப்பிய வொய்ஸ் மெசேஜில் விரல் பட்டுவிட்டது. வகுப்பு முழுக்க உங்கள் குரல்:

"அந்தப் புள்ளைகள் குளிக்காம வாறதுகள் எண்டு நீதானே மகள் சொன்னாய்? கிட்ட எடுக்காத. அதுகள் தாற தேத்தண்ணியையும் குடிச்சிராத."

நான் அதை நிறுத்துவதற்குள் முழுதும் ஓடி முடிந்துவிட்டது. தினமும் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரும் கவிப்பிரியாதான், "பாடத்தப் போடுங்க டீச்சர்" என்றாள்.

உங்களில் பிழையில்லை உம்மா. அது நான் சொன்ன சொல்.

இனிப் பள்ளிக்கூட நேரத்தில் வொய்ஸ் அனுப்பாதீர்கள். பின்னேரம் கட்டாயம் அனுப்புங்கள். இங்கே என்னை மகள் என்று கூப்பிட ஆளில்லை. வீட்டில் தலை துவட்டப் பழைய துவாய்கள் இருந்தால், எத்தனை இருந்தாலும், பார்சலில் போட்டுவிடுங்கள். உங்கள் வொய்ஸ் கேட்ட மறுநாள் காலை அந்தப் பனிக்குள் எல்லாப் பிள்ளைகளும் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட நடுங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கவிப்பிரியா தேத்தண்ணி கொண்டுவரவில்லை.

தபால்காரர் காத்து நிற்கிறார். துஆச் செய்யுங்கள்.

மகள்
ஸிப்னா