அப்பா ரிக் வண்டியில் இருக்கிறார்

ஜூலை 20

பயனில்லை என்று சொல்ல முடியாது. நேற்று நாமக்கல்லில் நடந்த பெண் தொழில்முனைவோர் கூட்டத்துக்கு நான் போகாமல் இருந்திருந்தால், சேலத்துத் துணிக்கடைக்காரம்மா எங்கள் நைட்டியைக் கையில் எடுத்து, தையலை இழுத்துப் பார்த்து, "தீபாவளிக்கு எத்தன உருப்படி குடுப்பீங்க?" என்று கேட்டிருக்க மாட்டார். இத்தனை வருடம் தரகர் சொன்ன விலைக்கே தைத்தோம். கடைக்காரரின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

மதியம் பயிற்சி வகுப்பு. கோவையிலிருந்து வந்தவர் சொன்னார்: "துணி எல்லாரும் விக்கறாங்க. நீங்க யாரு? அதச் சொல்லுங்க." ஆளுக்கு மூன்று நிமிடம். எனக்கு முன்னால் பேசிய ஊறுகாய்க்காரம்மா மூன்றையும் மிளகாய் விலையிலேயே முடித்தார். கூடமே சிரித்தது.

நான் எதையும் தயார் செய்யவில்லை. மைக் கைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அப்பா எங்களை விட்டுவிட்டு வேறொரு குடும்பத்தோடு போனார், அப்போது நான் எட்டாம் வகுப்பு. அம்மா ஒரே ஒரு மெஷினோடு தொடங்கினாள். அந்த மெஷின்தான் என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தது.

எழுந்து நின்று கைதட்டினார்கள். சங்கத் தலைவி ரஞ்சனியக்கா கட்டிக்கொண்டார். அவர் சேலையில் மல்லிகை வாசம்.

உண்மைதானே? ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஜூலை 21

சேலத்து ஆர்டர் உறுதி. அம்மாவிடம் அதை மட்டும் சொன்னேன். மேடையில் பேசியதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

ஜூலை 24

சங்கத்தார் வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் காஜா போடும் முத்தாயக்கா தன் போனை அம்மாவிடம் நீட்டினாள். பெருமையோடுதான். "நம்ம பாப்பா என்னமாப் பேசுது பாரு."

அம்மா கடைசிவரை பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். பாதி தைத்த துணியை ஊசியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள்.

"உங்கொப்பன் ரிக்குல இருக்கறாருன்னுதான நான் சொல்லீட்டிருக்கறேன்."

"ஊருக்கே தெரியும்மா."

"தெரியுங் கண்ணு. தெரிஞ்சவங்களும் 'எப்பங்க வாராரு'ன்னுதான கேட்டாங்க."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திருச்செங்கோட்டைச் சுற்றி எந்த ஊரிலும் இப்படித்தான். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆண்கள் சத்தீஸ்கர், ஒரிசா என்று போய்விடுவார்கள். மழை பிடித்து வேலை நின்றால் வருவார்கள். பாதி வீடுகளில் ஆண் இருக்கமாட்டான். அந்தப் பாதியில் எங்கள் வீடும் ஒன்றாக இருந்துவந்தது. அப்பாவுக்கு ராய்ப்பூரில் இன்னொரு குடும்பம் என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் மைக்கில் சொன்னேன்.

ஜூலை 25

அம்மா பேசவில்லை. தட்டில் தோசை மட்டும் வந்து விழுந்தது.

ஜூலை 28

ரஞ்சனியக்காவுக்கு போன் செய்தேன். உடனே வீடியோவை எடுத்துவிட்டார். "ஆனா பல பேரு அனுப்பிப்போட்டாங்க கண்ணு. பரமத்தியில இருந்து ஒரு பொண்ணு என்கிட்ட அழுதுச்சு, 'எங்கூட்லயும் இதே கதைதானுங்க'ன்னு. நீ பேசுனது வீண் போகல."

பிறகு, "உங்கம்மாவ அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிட்டு வா. பொன்னாட போத்தோணும்."

நல்ல மனுஷி. கோபப்பட இடமே தராத நல்ல மனுஷி.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ரிக் வண்டிகள் ஊருக்குத் திரும்பி வரிசையாக நிற்கின்றன. கழுவி, சந்தனம் வைத்து. தெருவெல்லாம் ஆண்குரல்.

அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தாள். பத்து நாளில் அவளாகச் சொன்ன முதல் வாக்கியம்:

"இந்த வருசம் ஒருத்தருங் கேக்கல புள்ள."

ஆகஸ்ட் 24

பெரியம்மா வந்தாள். வெள்ளிக்கிழமை அவள் மகள் தமிழினிக்குக் கல்யாணம். தமிழினி சின்ன வயதில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். முதல் நலங்கு சித்திதான் வைக்கவேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். அதற்காக அம்மா மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தாள்.

பெரியம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"நீ வராம இருந்துராத. மொத வரிசைல உக்காரு. நலங்குக்கு மட்டும்... சம்மந்தி ஊட்டுல அந்த வீடியோவப் பாத்துப்போட்டாங்க. அவங்க கொஞ்சம் சாங்கியம் பாக்கறவங்க."

அம்மா, "செரிக்கா" என்றாள். அவ்வளவுதான். காப்பி ஆறுதே, குடி என்றாள்.

என்னால் இருக்க முடியவில்லை. "இத்தன வருசமா உங்களுக்குத் தெரியாதா பெரீம்மா? போன வருசம் வரைக்கும் அம்மா எத்தன கல்யாணத்துல நலங்கு வெச்சாங்க, அப்பெல்லாம் எங்க போச்சு சாங்கியம்?"

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தெரியாத மாதிரி இருந்தோஞ் சாமி. உனக்குத்தான் அது பத்தல."

ஆகஸ்ட் 29

அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. ஆர்டர் துணியை விரித்தோம். நான் பிடிக்க, அவள் வெட்டினாள். மண்டபத்து மேளம் இங்குவரை கேட்டது. கத்தரி ஓரிடத்திலும் கோணவில்லை.

எம்.ஏ.வில் பெண்களின் மௌனம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மௌனம் என்பது அவர்கள்மேல் சுமத்தப்பட்டது என்று முடித்தேன். நல்ல மதிப்பெண். அம்மா அந்த மௌனத்துக்குள்தான் பட்டுக் கட்டி, பூ வைத்து, கல்யாணங்களுக்குப் போய்வந்தாள் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவளே தைத்துக்கொண்டது அது. அவள் அளவுக்கு.

பட்டது அவள். சொன்னது நான். கைதட்டல் யாருக்கு?

அவளிடம் கேட்டிருக்கலாம். மேடைக்கு ஏறும் முன் ஒரு போன். 'அம்மா, சொல்லட்டுமா?' இவ்வளவுதானே. ஏன்டி கேக்கல? அம்மா வேண்டாம்னு சொல்லிருவான்னு தெரியும். அதான் கேக்கல.

செப்டம்பர் 1

ஆர்டருக்கு வீடு போதாது. ரஞ்சனியக்கா திருச்செங்கோட்டில் ஒரு ஷெட் பிடித்துக் கொடுத்தார். சங்கத்து உறுப்பினர் ஒருவர் ஆறு பவர் மெஷின்களை வாடகைக்குத் தருகிறார். ஊறுகாய்க்காரம்மா தன் டெம்போவை அனுப்புகிறார். ஒரு நாள் கூட்டத்தில் பார்த்த முகங்கள். சொந்தத்தில் ஒருவர்கூட இவ்வளவு செய்ததில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா வரவில்லை என்றாள். "நீ போ. நான் இங்கயே ஜாக்கெட் தச்சுக்கறேன்."

"எம்மேல கோவமாம்மா?"

"கோவமெல்லாம் இல்ல. நூலு கோத்துக் குடுத்துட்டுப் போ. கண்ணு தெரியமாட்டேங்குது."

கோத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை தப்பியது. அவள் பார்த்தாள்.

செப்டம்பர் 3

நாளை ஷெட் திறப்பு. "நீதாம்மா வெளக்கேத்தோணும்" என்றேன். ஏதோ சரியாகிவிடும் என்று நினைத்திருப்பேன் போல.

"நானா? வேற ஆரையாச்சும் கூப்புடு. நல்ல காரியத்துல என்னைய முன்னால நிறுத்தாத."

அழுதுகொண்டு சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. கடைக்குப் போகும்போது பையை எடுத்துப் போ என்கிற குரலில் சொன்னாள். பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்கு ஜூன் மாதம் இவள்தான் விளக்கேற்றினாள்.

பெரியம்மா சொன்னதை அம்மா நம்பிவிட்டாள்.

செப்டம்பர் 4

ரஞ்சனியக்காவோடு சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். குத்துவிளக்கு அவர்கள் கொண்டுவந்தது. எண்ணெய் ஊற்றி, ஐந்து திரியும் போட்டு, ஷெட்டின் நடுவில் வைத்தார்கள்.

"அம்மா வல்லியா கண்ணு?"

"வேலை இருக்குதுங்க்கா."

"அப்ப நான் ஏத்தட்டுமா? நேரம் போகுது."

அவர் கையில் தீப்பெட்டி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேண்டாங்க்கா" என்றேன்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விளக்கை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். மெயின் சுவிட்சைப் போட்டேன். முத்தாயக்கா முதல் துணியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன்.