ஒரு விண்டர் ஓடினா போதும்

நவம்பர் 3, திங்கள்

காலையில் 38 டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல குளிர். தெர்மோஸ்டாட்டை 68-ல் வைத்தும் ரேடியேட்டர் எல்லாம் ஜில்லென்று. பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்குகிற பாய்லருக்கு அடியில் துருத் தண்ணீர். பழைய துண்டைப் போட்டு வைத்தேன்.

பாய்லருக்கு வயது இருபத்தாறு. தட்டிக்கொட்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர் செந்தில் வேலை. மார்ச்சில் கலிபோர்னியா, சான் ரமோன் போனார். “ஆறே மாசம், ப்ராஜெக்ட் முடிஞ்சதும் வந்துருவேன்.” இது நவம்பர்.

போன மாதம் ஆயுத பூஜைக்கு, வருஷா வருஷம் அவர் வைக்கிற மாதிரியே பாய்லருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து போட்டோ அனுப்பினேன். நீல டிக் மட்டும் வந்தது.

பால், கொத்தமல்லி, ஸ்மோக் அலாரத்துக்கு பேட்டரி.

நவம்பர் 5, புதன்

மழை. பாய்லர்காரர் வந்தார். பெரியவர், முழங்காலைப் பிடித்தபடி படி இறங்கினார். உள்ளே இரும்பே விரிசல் விட்டுவிட்டதாம். ஒட்டுப் போட 900 டாலர், இந்தக் குளிரைத் தாண்டலாம். புதிது 11,000, இருபது வருஷம் வரும்.

எது நல்லது என்றேன். “ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங் இன் திஸ் ஹவுஸ்?” என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

செந்திலுக்கு போன்.

“ஒட்டுப் போட்டுரு. ஒரு விண்டர் ஓடினா போதும்.”

“அடுத்த விண்டருக்கு?”



“ஸ்பிரிங்ல வீட்ட விக்க லிஸ்ட் பண்ணிரலாம். நான் திரும்பி வரல, கவிதா.”

பாய்லரைப் பற்றிக் கேட்கப்போனேன். பதினேழு வருஷக் கல்யாணம் முடிந்துவிட்டது. பருப்பு அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை. அலாரம் கத்தியது, நானும் அழுதேன். நல்லவேளை, மகள் நிலா ஸ்கூலில்.

நவம்பர் 7, வெள்ளி

நிலாவிடம் சொன்னேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஐ நோ, அம்மா. அப்பா கேவ் அவே ஹிஸ் ஸ்னோ பூட்ஸ். இன் மார்ச்.”

நானும்தான் பார்த்தேன். கலிபோர்னியாவில் பூட்ஸ் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். மண்டு நான். பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

“ஆர் வீ மூவிங்?”

“இல்ல கண்ணு. நீ ஹைஸ்கூல் முடிக்கிற வரைக்கும் இங்கதான்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

புதிது வாங்க:
– ஊருக்குப் போக வைத்த டிக்கெட் பணம். மூணு டிக்கெட்.
– மீதி மாதத் தவணை
– அம்மா போட்ட வளையல். இல்லை, அதைத் தொட மாட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில், காற்று. பழைய பாய்லரைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே தூக்கிப்போனார்கள். முன்பக்கத் தகட்டில், இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருஷப் பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. பத்து அவர் வைத்தது. மேலே இருப்பது என்னுடையது.

பெரியவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “ரஸ்ட்?”

“எஸ், ரஸ்ட்” என்றேன்.