கூரைக்குக் கீழே இருந்த இடைவெளி

மோகா,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்பு மகள் நியூர்காவுக்கு அம்மா எவாரிஸ்தா எழுதுவது. இங்கே மூச்சும் முழங்காலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, மூச்சு நன்றாக, முழங்கால் முனகிக்கொண்டு. மாட்ரிட்டில் நீயும், நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான பெரியம்மாவும் சுகம்தானே. நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் ரமோனின் மூத்தவன் வில்கின் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் படிப்பில் தேறிவிட்டான், சான்றிதழில் தங்க முத்திரை, விரலால் தடவிப் பார்த்தேன். அவன் தங்கை டாரியேலா இந்த வருஷம் பள்ளியில் கொடி பிடிக்கிறாள், முதல் மார்க் வாங்கும் பிள்ளையிடம்தான் கொடியைக் கொடுப்பார்கள், அதைத் தெருவில் யாரும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் யோகாஸ்தா, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் வீட்டில் உட்கார்ந்து அமெரிக்கக்காரர்களின் புகாருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அந்த வேலை கிடைத்தது உனக்குத் தெரியும், அது கையைவிட்டுப் போக இருந்தது உனக்குத் தெரியாது.

உன் பழைய அறையில்தான் உட்கார்ந்து பேசுகிறாள். ஒரு பக்கம் மூலைக்கடையின் பாட்டுப்பெட்டி, மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவர் டோன் சிப்ரியானின் சண்டைச் சேவல்கள். மேலதிகாரி ஒருநாள் நீ என்ன கோழிப்பண்ணையிலயா வேலை பாக்குறே என்று கேட்டானாம், இவளும் சும்மா இல்லாமல் நான் என் ரூம்லதான் சார் வேலை பாக்குறேன், கோழிதான் பக்கத்து வீட்ல வேலை பாக்குது என்றாளாம். அது முதல் எச்சரிக்கை. இரண்டாவதும் வந்துவிட்டது, மூன்றாவது வந்தால் வேலை இல்லை. வேலை போனால் தலைநகருக்குப் போய்த் தோழியோடு தங்கி அங்கே ஆபீஸில் வேலை தேடுவேன் என்றாள். நான் சிப்ரியானிடம் போய்க் கேட்டேன், அவர் சேவலுக்கு வாய்ப்பூட்டு போடச் சொல்றீங்களா டோஞா, முதல்ல உங்க தெருப் பொம்பளைங்களுக்குப் போடுங்க, சேவல் தானா அடங்கும் என்றார். நானும் விடவில்லை, உம்ம சேவல் கத்துறதுக்கு மட்டும்தான் லாயக்கு, போன ஞாயித்துக்கிழமை தோத்துட்டு வந்ததே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சத்தத்தை அடைக்கிற பஞ்சு அட்டை கடையில் இருக்கிறது, நம் கைக்கு எட்டாது. முட்டைத் தட்டு ஒட்டினால் போதும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பேக்கரியில் கேட்டுக் கேட்டு வாங்கி, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நானும் அவளும் ஒரு வாரம் நாலு சுவரிலும் ஒட்டினோம். ஒட்டி முடித்த மறுநாள் சேவல் முன்னைவிடத் தெளிவாகக் கூவியது மாதிரி இருந்தது. தச்சன் சாகோ வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டோஞா, இது உள்ள பேசுறது எதிரொலிக்காமப் பாத்துக்கும், வெளிய இருந்து வர்றதுக்கு இது சல்லடை மாதிரி, கனமா இருக்கணும், ஓட்டை இருக்கக் கூடாது, கொஞ்சம் தலையத் தூக்கி மேல பாருங்க என்றான். பார்த்தால் சுவர் எங்கே கூரையைத் தொடுகிறது? காற்று போகட்டும் என்று உன் அப்பா தகரத்துக்குக் கீழே சுற்றிலும் ஒரு முழம் விட்டுத்தானே கட்டினார். சுவரை எல்லாம் ஒட்டிய எங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

பிறகு சாகோ பழைய பலகைகளை இரட்டையாக அடித்து, நடுவில் மணலை நிரப்பி, என் அறைப் பக்கமும் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தான். ஜன்னலின் பலகைப் பட்டை இடுக்குகளை மூட உன் பழைய மெத்தை, கதவு ஓரத்துக்கு லாரி டியூப் ரப்பர், தெருப்பக்கச் சுவருக்குத் துணி நிறைந்த அலமாரி. தகரத்தில் விழும் மழைக்கு மட்டும் மருந்தில்லை. மின்விசிறியும் இரைகிறது என்று நிறுத்திவிடுகிறாள், இடைவேளையில் வெளியே வரும்போது பானையிலிருந்து எடுத்த கிழங்கு மாதிரி ஆவி பறக்கிறது பிள்ளைக்கு.

அடைத்த மறுநாள் காலை படுத்தபடியே காத்திருந்தேன். நீயும் அதே கட்டிலிலிருந்து சுவருக்கு மேலாக ஆசி கேட்டு வளர்ந்தவள்தானே, அவளும் அப்படித்தான் தினமும் கேட்பாள், நானும் படுத்தபடியே கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்பேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கோபமோ என்று நினைத்தேன், போய்க் கேட்க என் வீம்பு விடவில்லை. அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடித்தாள். மத்தியானம் வாழைக்காய் மசியலுக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கி, மூணு தடவை கேட்டேன் அம்மாச்சி, நீ வாயே தொறக்கல, நான் என்ன தப்பு பண்ணேன் என்றாள். அப்புறம்தான் புரிந்து இருவரும் சிரித்தோம். இதைச் சாகோவிடம் சொன்னால், அப்ப வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு டோஞா என்கிறான்.

மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. போன வாரம் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவளுக்காகத்தான் இவ்வளவும் என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், அவளும் போய்விடக் கூடாதே என்றுதான் செய்தேன். போகவில்லை. ஆனால் முன்பு அவள் புரண்டு படுத்தால் எனக்குத் தெரியும், குளிக்கப் போகும்போது முணுமுணுக்கிற பாட்டு தெரியும், தும்மினால் இங்கிருந்தே திட்டுவேன். இப்போது சேவலும் கடைப்பாட்டும் எல்லாம் எனக்குத்தான், அவள் சத்தம் மட்டும் இல்லை. விடியுமுன்பே வேலை தொடங்குவதால் ஆசியைப் போனில் எழுதிக் கேட்கிறாள், ஆறடி தூரத்திலிருந்து. நீ மாட்ரிட்டிலிருந்து அனுப்பும் சேதியும் அதே போனில் அதே டிங் என்ற சத்தத்தோடுதான் வருகிறது, கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்க்கும்வரை யார் என்று தெரிவதில்லை. இதை எல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம், இப்போதுதான் யாருக்கும் கேட்காதே. பேசினால் பெரியம்மா கூப்பிடுகிறார் என்று நீ வைத்துவிடுவாய், கடிதமென்றால் கடைசிவரை இருப்பாய்.

உன் நெஞ்சுச் சளிக்கு இஞ்சி வேகவைத்துக் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மகளிடம் ஞாயிற்றுக்கிழமையாவது நீளமாகப் பேசு. எங்கே நின்றாலும் எதைத் தொட்டாலும் அந்த மேலே உள்ளவர் உன் பக்கத்தில் நிற்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாகோ அடித்த பலகை என் கட்டிலுக்கு நேர் எதிரே மொட்டையாக இருக்கிறது, காலையில் வாய்விட்டு ஆசி சொல்லும்போது கண் அதில்தான் போய் நிற்கிறது. நீ கடைசியாகக் குளிர்காலத்தில் அனுப்பிய படத்தில் கோட்டும் கம்பளிக் குல்லாயும்தான் தெரிகின்றன. போனில் வேண்டாம், திரை அணைந்துவிடுகிறது. முகம் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்து, காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு மகளே.

உன் அம்மா,
எவாரிஸ்தா